முப்பது செக்கன்

நௌபர் கேபிளைச் சுருட்டித் தோளில் கொழுவினான்.
"பிறகு வேணுமெண்டா சொல்லுங்கோ அக்கா."
பைபர் வந்திட்டுதே, என்றேன், கொஞ்சம் மிடுக்காய்.
டைக் வீதியில் மிஞ்சிக் கிடந்த வயர்த்துண்டை
ஒரு மான் மணந்து பார்த்துவிட்டுப் போனது.

இப்போது டிவி என்னை ஆரென்று கேட்கிறது.
கடவுச்சொல்லோ ஸ்காபரோவில்,
மச்சாளின் தலையணைக்கடியில் நித்திரை.
எழுப்பினேன். ஏசினாள். தந்தாள்.

கடைசிப் பந்து. அவர்களுக்கு மூன்று ஓட்டம் வேணும்.
எங்கட பெடியன் பந்தைக் காற்சட்டையில் தேய்க்கிறான்,
ஓடவே தொடங்கவில்லை,
மதிலுக்கு அப்பால் மரியதாஸ் வீட்டில்
"ஐயோ!"
கதிரை ஒன்று விழுகிற சத்தம்.

அங்கே இன்னும் கேபிள்.

பெடியன் வானத்தைப் பார்க்கிறான். ஓடி வருகிறான்.
நில்லடா, என்கிறேன்.
இந்த வீட்டில் நாங்கள் இன்னும் தோற்கவில்லை.
கை உயர்கிறது,
வட்டம் சுற்றத் தொடங்குகிறது.