திருப்பி வைக்க வேண்டியவை

பாடாங் செராய் செம்பனை ஆலை.
ராத்திரி பதினொன்றே கால்.
வீரையாவின் லாரி, குலையோடு
பதினான்கு டன் முந்நூறு.
சீட்டில் விழுந்ததோ
எதிர்த் தராசில் நின்ற ஃபௌசியின்
பதினான்கு டன் நூறு.

"டயர் அமுங்குறதைப் பார்த்தா எனக்குத் தெரியாதா?"
வீரையா இறங்கி வந்துவிட்டார்.
இருநூறு கிலோ. சிரித்து மழுப்பினேன்,
சிரிக்கிற பிழை இல்லை அது.

பழைய கணினியில் இப்படி வந்ததில்லை.
போன வாரம்தான் மலிவான பலகை ஒன்றை மாட்டினோம்.
வேறு சில்லு. வேறு வழக்கம்.

என் நிரலில் ஒவ்வொரு லாரியும் ஓர் இழை.
இயங்குதளத்தைக் கேட்காமல்
நானே தூங்கவைத்து நானே எழுப்புபவை.
ஒரு தராசின் முள் நிதானிக்கும்வரை
அடுத்த இழைக்கு இடம்.
இருப்பது ஒரே நாற்காலி,
எழுகிறவர் மேசையில் உள்ளதை அள்ளிக்கொண்டு எழ வேண்டும்.

எல்லாவற்றையும் அல்ல.
சில ரிஜிஸ்டர்கள் கூப்பிடுகிறவன் பொறுப்பு:
வேண்டுமென்றால் முன்பே ஒதுக்கி வைத்திருப்பான்,
கம்பைலர் பார்த்துக்கொள்ளும்.
மற்றவை வந்தவன் பொறுப்பு:
தொட்டால், இருந்தபடி வைத்துவிட்டுப் போ.
நான் தூக்குவது இவற்றை மட்டும்.
அந்த ஒப்பந்தத்தின் தயவில்தான்
லாரி மாறுவது
கண்ணிமைக்கும் நேரத்தின் துளியில் முடிகிறது.

பழைய சில்லில் அப்படி ஆறு.
தசம எண்களுக்கென்று ஒன்றும் கிடையாது.
புதியதில் உண்டு, எட்டு.
கையேட்டில் ஒற்றை வரி,
அதுவும் 'கீழ்ப்பாதி மட்டும்' என்று.
நான் தாண்டிப்போன வரி.

கம்பைலர் என்னை நம்பி
எட்டாம் எண் ரிஜிஸ்டரில் வீரையாவை வைத்திருந்தது.
அவர் திரும்புவதற்குள் அங்கே ஃபௌசி.

செக்ரோலுக்கும் இங்கே ரிஜிஸ்டர் என்றுதான் பேர்.
பெரட்டில் பேர் மாறினால் சம்பளம் மாறும்.

நான்கு வரி சேமிக்க, நான்கு வரி மீட்க,
ஒரு வரிக்கு இரண்டிரண்டாக.
மறுபடி ஏற்றச் சொன்னேன்:
பதினான்கு டன் முந்நூறு.

வீரையா சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.
பிறகு கேட்டார்,
"அப்போ செவ்வாய்க்கிழமை?"

ரிஜிஸ்டருக்கு ஞாபகம் கிடையாது.
குணவதியின் மேசையில்
ஆணியில் குத்திக் கிடக்கின்றன
ஆறு நாள் சீட்டுகள்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.