முதல் திருத்துநர்

பாசல் அருங்காட்சியகம். தரைக்குக் கீழே இரண்டாம் தளம்.
மேலே தெருவில் ட்ராம் திரும்பும்போதெல்லாம்
அலமாரிக் கண்ணாடிகள் மெல்லப் பல்லைக் கடிக்கும்.
எழுபத்து மூன்றாம் இழுப்பறையில் ஐந்து தீப்பெட்டிகள்,
ஐந்து பெயர்ச்சீட்டுகள், ஒரே கையெழுத்து:
சாய்ந்த, அவசரமில்லாத எழுத்து.

கடல் அல்லி என்கிறோம்; பூ அல்ல.
தண்டும் கிண்ணமும் கரங்களும் கொண்ட விலங்கு.
ஜூரா மலை கடலடியாய்க் கிடந்த காலத்தில்
சேற்றில் காலூன்றி
போகிற நீரிடம் கையேந்தி நின்றது.
செத்ததும் மணி மணியாய் அவிழ்ந்துபோனது.
கிண்ணம் கிடைப்பது அபூர்வம்.
கிடைப்பதெல்லாம் தண்டின் வட்டுகள்,
சட்டைப் பொத்தான் அளவு, நடுவில் ஒரு துளை.
முகம் தொலைத்தவர்களை
முதுகெலும்பை வைத்து அடையாளம் சொல்வது என் வேலை.

ஊர்ஸ் ப்ரோட்பெக் ஐந்து இனங்களைக் கண்டார்,
எழுபத்து நான்காம் ஆண்டு, ஒரே கட்டுரையில்.
ஐங்கோண வட்டு ஒன்று.
விளிம்பு உருண்டது ஒன்று.
முகமெங்கும் கதிர் கதிராய் வரி ஓடுவது ஒன்று.
பீப்பாய் போல வயிறு பெருத்தது ஒன்று.
கடைசியாக, தேய்ந்து, பாதி உடைந்து,
சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி ஒன்று.
அதற்குத்தான் மனைவியின் பெயரை வைத்தார்: வெரேனா.

போன மார்ச்சில், லாஃபன் பக்கம்
சாலைக்காக மலையை வெட்டியவர்கள்
ஒரு பலகைக் கல்லை அனுப்பிவைத்தார்கள்.
பல் துலக்கும் பிரஷ்ஷும் ஊசியுமாக ஒன்பது வாரம்.
களிமண் பிடிவாதம் விட்டபோது
வேர் முதல் கிண்ணத்தின் அடி வரை
அறுபடாத ஒரே தண்டு, என் கை நீளம்.
மேலே ஐங்கோணம்.
இறங்க இறங்க மூலை மழுங்கி உருண்டை.
அப்புறம் வரி. அப்புறம் பீப்பாய்.
வேரை ஒட்டி, உயிரோடிருக்கும்போதே தேய்ந்த
அந்த மிட்டாய்.

காலிப்பரைக் கீழே வைத்தேன்.
எடுத்து மறுபடி அளந்தேன்.
கழுத்துக்கு ஒரு பெயர், இடுப்புக்கு ஒரு பெயர்,
கணுக்காலுக்கு இன்னொன்று என்று
ஒற்றை உயிரை ஐந்து பேராக எண்ணியிருக்கிறோம்.

ஐந்தாம் வேற்றுமைக்கு நான்கு பொருள் என்று
பள்ளியில் உருப்போட்டிருந்தேன்:
நீங்குதல், ஒப்புதல், எல்லை, ஏது.
அன்று புரியவில்லை. இந்த மேசையில்
நான் காலை முதல் மாலை வரை செய்வது
அந்த நான்கையும்தான்.

பல பெயரில் மூத்தது நிற்கும், இளையவை உதிரும்
என்பது விதி.
ஆனால் இவை ஐந்தும் ஒரே நாளில் பிறந்தவை.
அப்போது, முதலில் திருத்துகிறவர் தேர்ந்தெடுக்கட்டும்
என்கிறது அதே விதி.
என் பெயரையே மூன்று எழுத்துக்கூட்டலில் வைத்திருக்கும்
இந்த நகரத்தில், அது நான்.

வியாழக்கிழமை ப்ரோட்பெக் வந்தார்.
எண்பத்தெட்டு வயது. தொப்பியைக் கழற்றி
வழக்கம்போல ஹீட்டர் மேல் காயவைத்தார்.
கல்லைக் காட்டினேன்.
லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு
மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்,
ரயில் அட்டவணை பார்ப்பவர் போல வாசித்தார்.
பிறகு,
“வெரேனாவை விட்டுவிடுங்கள்.”

காப்பாற்றவா, கைவிடவா?
அவர் ஜெர்மனில் சொன்ன சொல்லும்
அப்படித்தான் இரு பக்கமும் சாய்ந்தது.
கேட்பதற்குள் தொப்பியை எடுத்துக்கொண்டார்,
நன்றாகச் சூடாகிவிட்டது என்றார், போய்விட்டார்.

ஐந்தாவது தீப்பெட்டியைத் திறந்தேன்.
பஞ்சுக்குக் கீழிருந்த சீட்டின் பின்பக்கம்
வேறொரு கையெழுத்து, பென்சிலில், குண்டு குண்டாக:
கண்டெடுத்தவர் வெ. ப்ரோட்பெக்.
மழை. ரொட்டி தீர்ந்துவிட்டது.
ஊர்ஸ் இதைத் தூக்கிப் போடச் சொன்னார்.

அன்று மாலை ஐங்கோணத்தின் பெயரைத் தேர்ந்தேன்;
மாதிரிகளில் அதுதான் நேர்த்தியானது,
வேறு காரணம் எதுவும் சொல்ல முடியாது.
மூன்று சீட்டுகளில் சமக்குறி போட்டேன்.
நான்காவதிலும் போட்டேன்.
மை உலரும்வரை ஊதினேன்.
பிறகு அந்த ஒன்றை மட்டும் திருப்பி வைத்தேன்,
பின்பக்கம் மேலே தெரிய.