ஐந்தாவது கோடு

தரவு என்றேன்.
"யாரு தருவா மிஸ்?" என்றான் டில்லிபாபு.
யாரும் தர மாட்டார்கள்,
நாமே போய் நின்று பிடிக்க வேண்டும்.
"லாரித் தண்ணி மாரியா?"
ஆமாம், கிட்டத்தட்ட.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு.
மாலை ஐந்து முதல் ஆறு.
மூடினால் ஒரு கோடு.
மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து போகிறவருக்கு
அடுத்த கட்டத்தில் ஒரு கோடு.
நாலு நின்றதும் ஐந்தாவதை
அவற்றின் மேல் சாய்த்துப் போடு.
பலகையில் போட்டுக் காட்டினேன்.
"நாலு பேரு நிக்கிறாங்க,
மேல கேட்டு வுயுது" என்றாள் ஷகிலா.
பயிற்சி வகுப்பில் எனக்கு
யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை.

பார்க்காததை எழுதாதே.
பார்த்ததை விடாதே.
ரேஷன் கடைப் படியை விட்டு இறங்காதே.

வெள்ளிக்கிழமை நோட்டுகள் வந்தன.
ஒன்றில் டீக்கறை, ஒன்றில் மீன் செதில்.
ஒரே கேட்டு, ஒரே மணி நேரம்,
ஒருத்தனுக்கு மூன்று, ஒருத்திக்கு ஐந்து.
பாதியில் பஜ்ஜி வாங்கப் போனவன் யார் என்று
பத்து நிமிடம் விசாரணை.

டில்லிபாபு புதன்கிழமைக்குப் பூஜ்யம் போட்டிருந்தான்.
அன்றைக்குக் கேட்டே மூடவில்லையா?
"நா போவல மிஸ். கொடம் புடிக்கச் சொல்ட்டாங்க."
போய் நின்று, ஒன்றும் நடக்கவில்லை என்றால்தான் பூஜ்யம்.
போகாத நாளுக்கு வெறும் கட்டம்.
எச்சில் தொட்டு ரப்பரால் தேய்த்தான்.
தாள் கிழிந்தது,
சரியாகப் பூஜ்யத்தின் அளவுக்கு.

ஷகிலாவின் வியாழக்கிழமை.
யாரும் கேட்காமலே எழுதியிருந்தாள்:
கூட்ஸ், ஐம்பத்தெட்டு பெட்டி.
ஆட்டோவை விட்டு இறங்கி நடந்த அக்கா, வயிறு பெருசு, ஒன்று.
குனிந்து போனவர்கள்:
நாலு கோடு நேராக.
சாய்ந்த ஐந்தாவதன் பக்கத்தில்
எறும்பு எழுத்தில்
"மிஸ், ஸ்கூட்டியோட."

கிரெச்சில் என் மகன் மட்டும்தான் மிச்சம் என்று
அன்றைக்கு இரண்டு முறை போன் வந்தது.
அதற்கு நான் கட்டம் வரையவில்லை.

"அழிச்சிடட்டா மிஸ்?"
மெதுவாகத்தான் கேட்டாள்.
ரப்பர் அதற்குள் கையில் இருந்தது.
வகுப்பே என்னைப் பார்த்தது,
ஒரு கேட்டைப் பார்ப்பதைப் போல.

இருக்கட்டும் என்றேன்.
சாக்பீஸை எடுத்து
பலகையில் அந்தக் கோட்டை
நானே சாய்த்தேன்.

வெளியே கேட்டு மணி அடித்தது.
முப்பத்தொரு தலையும் ஜன்னலுக்குத் திரும்பியது.
டில்லிபாபு மட்டும்
ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்பினான்.