விழுவதற்கு இடம்

கொப்பியின் பின்மட்டையில் மூன்று பெயர்கள்.
மூன்றும் தெற்கே, இங்கிருந்து ஒரு இரவுத் தூரம்.
எனக்கு ஒன்று போதும், ஒரு நாளுக்கு.

முடக்கில்லாத ஒழுங்கை யாழ்ப்பாணத்தில் ஏது,
இஞ்சையே பழகலாமே என்கிறார்கள்.
முடக்குக்கு முடக்கு மதில்,
மதிலுக்குப் பின்னால் நாய்,
நாய்க்குப் பின்னால் பால்காரரின் சைக்கிள்.
சரிந்து திரும்ப எவருக்கு மனம் வரும்?

முதலாவது மலையில் இருக்கிறது.
ஏறும், இறங்கும், இறங்கும்போதே வளையும்.
படத்தைப் பார்த்த றெஜிக்கு வாயெல்லாம் பல்.
எழுதுமட்டுவாள்காரிக்கு ஏற்றம் என்றால்
நாவற்குழிப் பாலம்தான்.
அடித்துவிட்டேன்.

இரண்டாவதில் ஒரே நேர்கோடு, முடியவே முடியாது.
நேர்கோடு எனக்குத் தெரியும்.
விடிய ஐந்தரைக்குப் பண்ணைப் பாலத்தில்
கடற்காற்று விலாவில் முட்ட முட்ட
ஆறாம் கியரில் போயிருக்கிறேன்.
நேரே போக பெற்றோல் இருந்தால் சரி.
அதையும் அடித்தேன்.

மூன்றாவது குட்டை.
கார்ட் ஓட்டும் பெடியளுக்குப் போட்டதாம்,
மூன்றாம் கியருக்கு மேல் வேலையில்லை.
"உதிலை ஓடத்தான் லொறியில ஏத்திறியோ?"
றெஜி சிரித்த சிரிப்பில் பிளேன்ரீ சிந்தியது.

நான் பாதையைப் பார்க்கவில்லை.
வளைவுக்கு வெளியே என்ன கிடக்கிறது என்று
படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன்.
பச்சையாய் ஏதோ.

போன் எடுத்தேன். ஒரு பெண் குரல்.
என் சிங்களம் கல்லும் முள்ளும்.
வளைவுக்கு அங்கால் என்ன?
புல், என்றாள்.
புல்லுக்கு அங்கால்?
அதுவும் புல்தான்.
ஆராவது பார்த்துத் துப்புரவாக்கினவையா?
ஓம் நங்கி, வெள்ளிக்கு வெள்ளி வெட்டுறம்.

நான் கேட்டது அதுவல்ல.
ஆனால் அந்தப் பதிலில் ஒரு மெசினின் சத்தம் இருந்தது,
அரைக்காற்சட்டையோடு ஒருவன்
புல்லின் நடுவில் வெறுங்காலோடு
போய்வரும் சத்தம்.

ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடப் பாதை நெடுக
சிவப்புத் தகரம், மண்டையோடு.
தாரை விட்டுக் கால் வைக்காதை என்பா அம்மா.
ஒருநாள் பஸ்சுக்கு ஒதுங்கி சைக்கிள் சரிந்தபோது
முழங்கையைத் தாரில் தேய்த்து விழுந்தேன்,
புல்லில் விழ இரண்டடி இருந்தும்.
தகரங்களைக் கழற்றி எத்தனையோ மாரி போய்விட்டது.
முழங்கை இன்னும் நம்பவில்லை.

அதனால்தான் என் ரயர் இப்படி:
நடு மட்டும் தேய்ந்து தட்டையாகி,
இரண்டு ஓரத்திலும்
கடையில் வாங்கின அன்றைய ரப்பர் மயிர்.
சாவகச்சேரிச் சங்கக்கடை முற்றத்தில்
றெஜி செருப்புகளை அடுக்கிவைத்து
"முழு அகலத்தையும் எடு, முழு அகலத்தையும்!" என்று
தொண்டை கட்டக் கத்தினான்.
முன்சில்லு ஓரத்துக்கு ஒன்றரை முழம் உள்ளேயே
ஏதோ கயிறு கட்டினதுபோல் சுற்றியது.
உது என்ன விசர் என்றான்.
சொல்லவில்லை. அவன் குருநகர்,
அவனுடைய பயங்கள் வேறு, தண்ணீரில்.

மூன்றாவதுக்குக் காசு கட்டினேன்.
படிவத்தில் "புதியவர்" என்ற பெட்டிக்குள்
புள்ளடி போட்டேன்.
வியாழன் இரவு றெஜியின் மாமாவின் லொறி,
நண்டுப் பெட்டிகளுக்கு நடுவே என் பைக்,
ஐஸ் உருகிச் செயினில் சொட்டும்.
இரவல் தோல் அங்கி தோளில் இரண்டு விரல் பெரிசு.

வேகநேரம் பிறகு பார்க்கலாம்.
முதல் சுற்றில், மெதுவாக, இரண்டாம் கியரில்,
வளைவின் வெளியோரத்தைத் தாண்டி
இரண்டு சில்லையும் புல்லில் இறக்கவேண்டும்.
அவ்வளவுதான் இப்போதைக்கு.

விழுந்தால் முறியும் என்று
ஸ்ரான்லி வீதியில் கிளச் லீவர் ஒன்று கேட்டேன்.
கடைக்காரர் எடுத்துவந்து துடைத்து வைத்தார்.
இரண்டாகத் தாங்கோ, என்றேன்.