பழுதுக் கணக்கு

ரெஃபிக் ஹுஸ்கிச் என் பெயர்.
ஊர் வெலிகா கிளாடுஷா. பேக்கரிக்கு அடுத்த கடை.
கைபேசி பழுது பார்க்கிறேன்.
மொழிபெயர்ப்பாளரை எதற்கு உட்கார வைத்தீர்களோ,
நீங்கள் பேசுவதும் நான் பேசுவதும் ஒன்றுதான்,
ரொட்டிக்கு மட்டும்
உங்களுக்கு ஒரு சொல், எங்களுக்கு ஒரு சொல்.

வக்கீலம்மா எழுதிக்கொடுத்த தாள் பையில் இருக்கிறது.
அதில் 'உடன்படிக்கை' பதினொரு முறை வருகிறது.
எனக்கு அது தெரியாது.
கண்ணாடி தெரியும்.

கைதவறி விழுந்த திரையில்
விரிசல் ஓரத்தில் பிறந்து
ஆறு மாதிரி கிளைத்துக்கொண்டு போகும்.
சுத்தியல் பட்டதில்
நடுவே ஒரு குழி, சுற்றிலும் சிலந்தி வலை.
சார்ஜ் துளைக்குள் திருப்புளியை விட்டுத் திருகினால்
வெளியே ஒரு கீறல் இருக்காது,
உள்ளே பல் விழுந்த ஈறு.
அவசரக்காரன் இதைச் செய்ய முடியாது.
நிதானமான கை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும்.
தொழில் தெரிந்தவன் சொல்கிறேன்:
சுத்தமான வேலை.

இது எல்லை நோட்டு.
ஊர்க்காரர்களுக்கு வேறு நோட்டு.
தேதி, மாடல், காயம், கூலி.
கூலிப் பத்தியில் பெரும்பாலும் ஒரு கோடுதான்,
என் மனைவி அதை மனதில் கூட்டி வைத்திருக்கிறாள்.

நவம்பர் ஒன்பது. சாம்சங். சுத்தியல்.
ஆள் வெறுங்காலோடு வந்தான்.
அதே நாள், ஷாவ்மி. திருப்புளி.
அதே நாள் இன்னொன்று, பெயர் தேய்ந்தது,
கிளினா ஆற்றில் எறிந்ததை இறங்கி எடுத்திருக்கிறான்.
அரிசியில் புதைத்துக் கொண்டுவந்தான்.
அரிசி எங்கே கிடைத்தது என்றுதான் யோசித்தேன்.

எந்த ஊர் என்று நான் கேட்பதில்லை.
தொண்ணூற்று நாலில் என்னை நிறையப் பேர் கேட்டார்கள்.

போன் வேண்டாம், ஒரே ஒரு எண்ணை எடுத்துத் தா
என்று கையால் காட்டினான்.
சில்லுகளைச் சூடாக்கிக் கழற்றி
வேறொரு போர்டில் உட்கார வைக்க
ராத்திரி பதினொன்றாகிவிட்டது.
எண் வந்தது.
அழைத்தான், பேசவில்லை.
எதிர்முனையில் ஒரு பெண்குரல்
அவன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது.
அவன் மூச்சு விட்டான்,
அவளுக்குக் கேட்கும்படி.

மார்ச்சில் ஒருவர் வந்தார்.
உங்கள் பக்கத்து நம்பர் பலகை.
எங்கள் ஊரில் சிகரெட்டும் மலிவு, பழுதும் மலிவு.
சாதாரண உடைதான்,
பூட்ஸை மட்டும் மாற்றியிருக்கவில்லை.
மகளுடைய போன், குளியல் தொட்டியில் விழுந்தது.
படமெல்லாம் அதில்தான் இருக்கிறதாம்,
பெண் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.
"எப்படியாவது" என்றார்.
மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற எல்லாரும்
கடைசியில் வந்து சேர்கிற சொல்.

செய்துகொடுத்தேன். இருபது மார்க்.
எந்த நோட்டில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் பேனாவோடு நின்றேன்.
இதில்தான் எழுதினேன்.
நூற்றுப் பதினேழாம் பக்கம், பாருங்கள்.
காயம்: தண்ணீர், தற்செயல்.
இந்த நோட்டில் வேறெங்கும்
அந்தச் சொல் இல்லை.

அவர் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.
நான் அதற்கு வரவில்லை.

தாளில் இருப்பதெல்லாம் பெரிய கோரிக்கை.
அதையும் படியுங்கள், அதுவும் நியாயம்தான்.
என்னால் கேட்க முடிந்தது இவ்வளவு:
பிடித்தால், பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.
காலில் இருப்பது காலில் இருக்கட்டும்.
போனை அணைத்து, உறையில் போட்டு,
ரசீது கொடுங்கள்.
அடைக்கலம் என்று ஒருவன் சொன்னால்
கேட்டோம் என்று எழுதுங்கள்.
அதற்கு ரொட்டி மாதிரி இரண்டு சொல் இல்லை,
உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்.

நோட்டை விட்டுவிட்டுப் போக முடியாது,
நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.
இன்னும் நாலு பக்கம் காலி.
நாளை எட்டு மணிக்குத் திறப்பேன் என்று
கதவில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.
பஸ் ஆறரைக்கு.