அந்த நூறு பேர்

நாரின் மாவட்ட மருத்துவமனையில்
ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்குகிறது.
எக்ஸ்ரே தகட்டை விளக்குக்கு நேரே பிடிக்கிறேன்.
வலது உதரவிதானத்துக்கு அடியில்
நகத்தால் கீறியதுபோல் ஒரு கரும்பிறை.
காற்று.
இருக்கக் கூடாத இடத்தில்.

நோன்பின் இருபத்தோராம் நாள்.
ஊர் வேறொரு பிறைக்குக் காத்திருக்கிறது.

தோலோகோன், ஐம்பத்தெட்டு, லாரி ஓட்டுநர்.
முழங்கால் வலிக்கு மூன்று மாதமாய்
சந்தையில் உதிரியாய் விற்கும் மாத்திரைகள்,
பகலெல்லாம் வெறும் வயிறு.
நேற்று விடியுமுன்
வாயில் வைத்த ரொட்டியை மெல்லும்போதே
உள்ளே கத்தி இறங்கியதாம்.
கணவாயைப் பனி மூடியிருந்தது.
முப்பத்தொரு மணி நேரம்.
வயிறு பலகையாய் இறுகிவிட்டது.
முனகினால் அசையுமே என்று
முனகலையும் விழுங்கிக்கொண்டு கிடக்கிறார்.

மனைவி சபிரா கையெழுத்திட வேண்டும்.
சொல்ல வேண்டியதைச் சொன்னேன்:
தையல் விட்டுப் போகலாம், உள்ளே சீழ் கட்டலாம்,
சிறுநீரகம் ஓயலாம், காயம் வாய் பிளக்கலாம்,
இவ்வளவு தாமதித்து வருபவர்களில்
நூற்றுக்கு இருபது பேர்...
அதற்குமேல் நாக்கு எழவில்லை.

சபிரா பேனாவை மூடினார்.
"யார் அந்த நூறு பேர்?"

எங்கோ பெரிய ஊர்களில்
எண்ணியவர்கள் இருக்கிறார்கள் என்றேன்.
"எண்ணியவர்களைக் கேட்கவில்லை."

எனக்குத் தெரிந்தது மூன்று பேர்.
தேன் விற்ற ஜெக்ஷென்.
பள்ளியில் பூகோளம் நடத்திய ஐசுலூ.
மூன்றாமவனுக்குப் பத்தொன்பது வயது,
அவன் பெயரை நான் வீட்டிலும் சொல்வதில்லை.
அதே நூல். அதே கை.
இதையெல்லாம் சபிராவிடம் சொல்லவில்லை.

"திறக்காவிட்டால்?"
"அப்போது, கிட்டத்தட்ட நூறும்."
தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக்
கையெழுத்திட்டார்.

மெலிஸ் மயக்கம் கொடுக்கிறான்,
சரிந்த ரத்த அழுத்தத்தைத்
தூங்கும் பிள்ளையை எழுப்புவதுபோல்
தட்டித் தட்டி மேலே கொண்டுவருகிறான்.
நடுக்கோட்டில் திறக்கிறேன்.
பித்தம் கலந்த பச்சைத் தண்ணீர்,
அதில் மிதக்கிறது
முந்தின நாள் நோன்பு திறந்த ரொட்டியின்
கருஞ்சீரகம் ஒன்று, முழுசாய்.

ஓட்டையோ ஒரு பயற்றம்பருப்பு அளவு.
இதன் வழியாகவா
இவ்வளவு பெரிய மனிதர் கசிந்துகொண்டிருந்தார்?

ஈரலுக்கு மேல், மண்ணீரல் ஓரம், இடுப்புக் குழி,
கழுவுகிறோம்.
ஒன்பது லிட்டர் வெதுவெதுப்பான உப்புநீர்,
தெளிந்து திரும்பும்வரை.
குடலின்மேல் தொங்கும் கொழுப்புத் திரையில்
ஒரு நாக்கை இழுத்து
ஓட்டையின்மேல் கிடத்தி மூன்று முடிச்சு.
இறுக்கினால் ஒட்டு செத்துப்போகும்,
தளர்ந்தால் கசியும்.
விரல்தான் சொல்ல வேண்டும்.
விரல் சில சமயம் பொய் சொல்லும்.

நான்காம் நாள் காய்ச்சல்.
ஆறாம் நாள் காயத்தின் கீழ்முனை சிவந்தது,
இரண்டு தையலைப் பிரித்து நாற்றத்தை வெளியே விட்டேன்.
வடிகுழாயை ராத்திரியெல்லாம் பார்த்தேன்:
பச்சையா? இல்லை, மஞ்சள்தான்.
மறுபடியும் போய்ப் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் பெருநாள்.
இறந்தவர்களுக்கு வாசம் எட்டட்டும் என்று
வீட்டுக்கு வீடு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.
தோலோகோன் இரண்டு கரண்டி சூப் குடித்தார்.
மூன்றாவதை வேண்டாமென்று தள்ளி,
பிறகு கேட்டு வாங்கினார்.

நடைவழியில் சபிரா என்னை நிறுத்தி
எண்ணெய் ஊறிய பொட்டலம் ஒன்றைக்
கோட்டுப் பையில் திணித்தார். போர்சோக், இன்னும் சூடாக.
"உங்கள் ஆட்களுக்கும் சேர்த்துப் பொரித்தேன்.
எத்தனை பேர் என்று தெரியாது,
கொஞ்சம் கூடவே போட்டேன்."