பாக்கி

ரோவனியேமியில் ஜனவரிச் சூரியன்
பகுதி நேர ஊழியன்.
பதினொன்றுக்கு வருவான், இரண்டுக்குக் கிளம்பிவிடுவான்.
நான் ஆறு மணிக்கே
ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.
பிரசவ வார்டு விரிப்பு, எலும்பு வார்டு விரிப்பு,
உருளையில் வெந்து தட்டையாகி வரும் எட்டு மணி நேரமும்
மனசுக்குள் ஒரே கணக்கு:
இன்றிரவு எதைத் தொடங்குவது?

இருநூற்றுப் பதினேழு கேம்கள் என்னிடம்.
முடித்தவை முப்பத்தொன்று.
தொட்டுவிட்டு விட்டவை நாற்பதோ ஐம்பதோ.
மிச்சமெல்லாம்
விலைச்சீட்டு கிழிக்காத துணிகள்.

எல்லாம் தள்ளுபடியில் வந்தவை.
முக்கால் விலை கழிவு என்றால்
வேண்டாததும் வேண்டியதாகிவிடுகிறது.
நான்கு யூரோ, ஒரு காபிக் காசு.
காபி என்றால் உடனே குடித்தாக வேண்டும், ஆறிவிடும்.
இவை ஆறுவதில்லை.
அதுதான் சிக்கல்.

வார நாளில் கிடைப்பது அரை மணி,
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
அதுவும் பட்டியலை மேலும் கீழும் உருட்டுவதிலேயே தீர்ந்து
படுக்கப் போவேன்.

ஈத்து, என் மகன், பதினாலு வயது,
ஒரே ஒரு கேமை மூன்று வருஷமாக ஆடுகிறான்.
"நீ ஆடுவதில்லை அம்மா, சேர்க்கிறாய்" என்கிறான்
ஹெட்செட்டைக் கழற்றாமலே.
இல்போ எதுவும் சொல்வதில்லை.
அவனிடம் ஒரு பச்சைப் பெட்டி இருக்கிறது,
உள்ளே நீர் தொடாத தூண்டில் இரைகள் அறுபது,
வெள்ளி வயிறும் சிவப்புக் கண்ணுமாய்.
சலவைக் கூடத்து ரைலியிடம்
இன்னும் இரண்டு ஆயுசுக்குப் பின்னலாம், அத்தனை கம்பளி நூல்.
யாரும் யாரையும் கேட்பதில்லை.

சனிக்கிழமை.
இல்போ உறைந்த ஏரியில் துளை போட்டு உட்காரப் போய்விட்டான்.
ஈத்து ஹாக்கிப் பயிற்சிக்கு.
ஐந்து மணி நேரம், முழுசாய், என் கையில்.
இன்றைக்குப் புதிது ஒன்று, சத்தியம்.
ஒரு கப்பல் கேம், வாங்கி இரண்டு வருஷம்.
திறந்தேன்.
அறுபத்தெட்டு ஜிபி அப்டேட் என்றது.
பட்டை நகர்கிறதா என்று பார்க்க
திரையில் அதன் முனையில் நகத்தை வைத்துக் காத்திருந்தேன்.

சரி, அதுவரை என்று
பாதியில் விட்ட ஒன்றுக்குள் போனேன்.
அங்கே ஒரு பாலத்தின் நடுவில்
அவள் நின்றுகொண்டிருந்தாள்,
மழையில், தீப்பந்தம் ஏந்தி,
இரண்டாயிரத்து இருபத்தொன்று நவம்பரிலிருந்து.
பையில் பதினோரு ஆப்பிள்.
யாருக்கு? யார் கேட்டது?
குறிப்பேட்டில் 'வடக்கே போ' என்று மட்டும்.
வடக்கு எதுவென்று மறந்திருந்தேன்.
குதிக்கும் பொத்தான் என்று நினைத்து அழுத்தினேன்;
ஒரு ஆப்பிளைத் தின்றுவிட்டாள்.
பத்து.
வாளை உருவப் பார்த்தேன்; இன்னொன்றும் போயிற்று.
ஒன்பது.
"மன்னிச்சிடு" என்றேன், வாய்விட்டு, ஆளில்லாத வீட்டில்.
மலைமேல் எவனோ ஒருவன்
எண்ணிக்கையோடு காத்திருப்பான்.
சேவ் செய்யாமல் வெளியே வந்தேன்.
பதினொன்றும் பத்திரமாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்ல வெட்கம்தான்.
நாலு தடவை முடித்த பழைய மீன்பிடி கேமை
ஐந்தாம் தடவை தொடங்கினேன்.
எந்தக் கல்லுக்குப் பின்னால் எந்த மீன் என்று
விரல்களுக்குத் தெரிந்திருந்தது.
கப்பல் இறங்கி முடித்து மணி அடித்தது.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இல்போ வந்தான், மீசையில் பனியோடு.
"ஏதாவது?"
"ஒன்றுமில்லை. உனக்கு?"
"பதினேழு. ஒரு பழைய பூட்ஸும்."
மரியாதையாகத் தலையசைத்தான்.
பெட்டியைத் திறந்து புது இரை ஒன்றைக் காட்டினான்,
பச்சை முதுகு, அழகு.
"நனைத்தாயா?"
"அடுத்த வாரம்."

திங்கள் காலை பஸ் நிறுத்தம்.
மைனஸ் இருபத்திரண்டு.
கையுறையிலிருந்து ஒரு கட்டைவிரலை மட்டும்
வெளியே எடுத்தேன்.
இருநூற்றுப் பதினெட்டு.
பனியே இல்லாத ஒரு தீவில்
வீடு வீடாகத் தபால் கொடுக்க வேண்டுமாம்.
பஸ் ஏறி மூன்று நிறுத்தம் தாண்டியும்
விரல் சூடாகவில்லை.